குளிரறையின் பிரதி

திங்கட்கிழமை காலை கம்பனிக் கேற்றுக்குள் காலடி வைத்ததுமே தயாளினிக்கு நாற்றம் முகத்தில் அறைந்தது. மீன் கம்பனியில் மீன் நாறாமல் மல்லிகையா மணக்கும் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். ஆனால் சில வருடங்களாக அந்த வாடையோடு வாழ்கிறவளுக்கு எது வாடை, எது நாற்றம் என்று தெரியும். இது இனிப்புக் கலந்த நாற்றம். மூச்சோடு உள்ளே இறங்கி நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள்.

துறைமுகத்திலிருந்து சீனன்குடாவுக்குப் போகும் வீதியோரத்தில் இருந்தது அந்தக் கம்பனி. படகுகள் கொண்டுவரும் பெரிய சூரை மீன்களை வாங்கி, கழுவி, ஐஸ் போட்டுக் குளிரறையில் வைத்து, கிழமைக்கு இரண்டு தரம் கொழும்பிலுள்ள ஏற்றுமதிக்காரருக்கு லொறியில் அனுப்புவார்கள். தயாளினி அங்கே கணினிகளுக்குப் பொறுப்பு. பொறுப்பு என்றால் அவள் ஒருத்திதான். வயர் அறுந்தாலும் அவள், பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் அவள்.

சனிக்கிழமை அடித்த காற்றில் மரமொன்று மின்கம்பிமேல் விழுந்து அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் போயிருந்தது. ஞாயிறு இருட்டிய பிறகுதான் திரும்பி வந்ததாம். அது அவளுக்குத் தெரியும், உவர்மலையில் அவள் வீட்டிலும் கொஞ்ச நேரம் கரண்ட் இல்லை. ஆனால் கம்பனியில் ஜெனரேற்றர் இருந்தது. கரண்ட் போனால் குளிரறையை அது தாங்கும். அந்த நினைப்பில் அவள் நிம்மதியாகப் படுத்து எழும்பியிருந்தாள்.

கந்தோருக்குள் மனேஜர் யோகலிங்கம் அவளுக்காகவே காத்திருந்தார். வெள்ளைச் சேட்டு, நெற்றி நிறையத் திருநீறு, அறை முழுக்க ஓடிக்கொலோன் வாசனை. வெளியே இருந்த நாற்றத்தோடு அந்த வாசனையும் சேர்ந்துவர, தயாளினி கைலேஞ்சியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"வாங்கோ தங்கச்சி. குளிரறையைக் கண்காணிக்கிற மெஷின் எழும்புதில்லை. புதன்கிழமை கொழும்பு லொறி வருது. இந்தக் கிழமை குளிரறை எத்தினை பாகையில இருந்ததெண்டு காட்டிற ரெம்பரேச்சர் சாட் இல்லாமல் அவங்கள் ஒரு மீனும் ஏத்தமாட்டாங்கள். கெதியா ஒருக்கால் பாருங்கோ."

"ஜெனரேற்றர் வேலை செய்ததுதானே சேர்?"

"முதல்ல மெஷினைப் பாருங்கோவன்," என்றார் அவர்.

மெஷின் என்று அவர் சொன்னது கையால் தொடக்கூடிய ஒன்றல்ல. கந்தோர் மூலையில் இருந்த ஒரே ஒரு பெரிய கணினிதான் இரும்பாலானது. அது லினக்ஸில் ஓடியது. அதற்குள் கணக்கு வேலைக்கு ஒன்று, கமராக்களுக்கு ஒன்று, குளிரறைக்கு ஒன்று என்று மூன்று வேர்ச்சுவல் மெஷின்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்று நினைத்துக்கொண்டு ஓடும். ஒவ்வொன்றின் ஹார்ட் டிஸ்க்கும் உண்மையில் பெரிய கணினியில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. அவ்வளவுதான். டிஸ்க் இமேஜ் என்பார்கள். பெரிய கணினிக்குச் சூரிய மின்சாரப் பற்றரி ஒன்று துணைக்கு இருந்தது. கரண்ட் இல்லாத சனி முழுக்கவும் ஞாயிறு பின்னேரம் வரைக்கும் அது தாக்குப்பிடித்து, பிறகு பொத்தென்று நின்றிருக்கிறது. அப்படிச் சாகும்போது குளிரறை மெஷின் ஏதோ எழுதிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கரண்ட் வந்து மற்ற இரண்டும் எழும்பிவிட்டன. இது மட்டும் எழும்பவில்லை.

தயாளினி முதலில் அந்த இமேஜை அப்படியே தன் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். கை வைக்கமுன் பிரதி எடுப்பது அவளுக்குப் பல் விளக்குவது மாதிரி. யாரும் சொல்லிச் செய்வதில்லை. பிரதி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு இமேஜைத் திறக்கப் பார்த்தாள். மெஷின் எழும்பாவிட்டாலும் அதன் டிஸ்க்கை வெளியிலிருந்தே பெரிய கணினியோடு இணைத்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம். மவுண்ட் பண்ணுவது என்பது அதுதான்.

நேரடியாகக் கொடுத்த கட்டளையை லினக்ஸ் ஏற்கவில்லை. இது என்ன வகையென்று தெரியவில்லை என்றது. அவள் எதிர்பார்த்ததுதான். அந்தக் கோப்பு ஒரு முழு டிஸ்க்குக்குச் சமம். அதன் தொடக்கத்தில் இருப்பது பிரிவுகளின் அட்டவணை. மெஷினை எழுப்பும் சின்னப் பிரிவு முதலில், அதன் மென்பொருள்கள் இருக்கும் பிரிவு அடுத்து, அளவீடுகள் சேரும் பிரிவு கடைசியில். எந்தப் பிரிவு எந்த இடத்தில் தொடங்குகிறதென்று லினக்ஸுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவள் இமேஜை ஒரு உண்மையான டிஸ்க் மாதிரிக் காட்டும்படி பெரிய கணினியிடம் கேட்டாள். மூன்று பிரிவுகளும் வெவ்வேறாகத் திரையில் வந்தன. இரண்டாவது பிரிவு பழுதாகியிருந்தது, அதைச் சீர்செய்துவிடலாம். மூன்றாவதை வாசிக்க மட்டும் முடிகிற விதத்தில் மவுண்ட் பண்ணினாள். எந்தச் சிக்கலும் இல்லாமல் திறந்தது.

திறந்ததும் அவளுக்கு முற்றத்து நாற்றத்தின் காரணம் விளங்கிவிட்டது.

சனிக்கிழமை மதியம் வரை குளிரறை ஒரு பாகையில் இருந்தது. பிறகு நான்கு, ஒன்பது, பதினைந்து. ஞாயிறு பின்னேரம், பற்றரி நிற்கும்போது இருபத்தாறு. அதற்குப் பக்கத்திலேயே எச்சரிக்கைகளின் பதிவு. அறை சூடேறுகிறது என்று யோகலிங்கத்தின் போனுக்கு மெஷின் விடாமல் செய்தி அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் அந்தப் போனிலிருந்து 'கண்டேன்' என்ற பட்டன் அமத்தப்பட்டிருக்கிறது. ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

யோகலிங்கம் தட்டில் எண்ணெயில் பொரித்த மீன் பற்றிஸ் இரண்டோடு உள்ளே வந்தார்.

"என்ன மாதிரி, எழும்பிற்றுதோ?"

"எழுப்பலாம் சேர். ஆனா அறை சூடாகியிருக்கு. ஞாயிறு பின்னேரம் இருபத்தாறு."

"இருபத்தாறு எண்டா?"

"நாங்கள் இப்ப இருக்கிற இந்த அறை மாதிரி."

அவர் பற்றிஸைக் கடித்தார். யோசிக்கிற முகமில்லை. ஏற்கெனவே யோசித்து முடித்த முகம்.

"ஜெனரேற்றர் எங்க சேர்?"

"நிலாவெளியில. மச்சானின்ர ஹொட்டலில சனிக்கிழமை கலியாணம் எண்டு சொன்னனான்தானே. அங்கயும் கரண்ட் இல்லை. பொம்பிளை மாப்பிள்ளையை வெக்கையில இருத்தேலுமோ? காத்து வருமெண்டு வெள்ளிக்கிழமையே முன்யோசனையா ஏத்தி அனுப்பிப்போட்டன்."

"உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கு சேர். எல்லாத்துக்கும் கண்டேன் எண்டு அமத்தியிருக்கிறீங்கள்."

"சும்மா சும்மா போன் அடிச்சுக்கொண்டு இருந்தா மனுசன் என்ன செய்யிறது? பந்தியில இருந்தனான்."

அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். கதிரை ஒன்றை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முழங்கை முட்டும் தூரம். ஓடிக்கொலோனும் பொரித்த மீனும் சேர்ந்த மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

"தங்கச்சி, நீங்கள்தானே எனக்கு ஒருநாள் சொல்லித் தந்தனீங்கள். மெஷின் ஓடாமல் கிடக்கேக்க வெளியால நிண்டு உள்ளுக்க கை வைச்சா, அதுக்கு ஒண்டும் தெரியாது, ஒரு இடத்திலயும் பதியாது எண்டு. அதைத்தான் இப்ப செய்யப்போறம். இந்த இலக்கங்களைக் கொஞ்சம் திருத்திவிடுங்கோ."

உண்மைதான். சொல்லியிருந்தாள். தன் வேலையின் சாமர்த்தியத்தை யாராவது கேட்கமாட்டார்களா என்றிருந்த ஒரு மத்தியானத்தில், தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாய் ஓயாமல் சொன்னாள். அதை இந்த மனிதன் பொறுக்கியெடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறார்.

"அது பழுதான மீன் சேர்."

"கரண்ட் வந்த உடன எல்லாத்தையும் திரும்பக் குளிராக்கிப்போட்டம். குளோரின் தண்ணியில கழுவி, புது ஐஸ் போட்டாச்சு. கண்ணுக்குத் தெரியாது."

"சூரை சூடேறினா அதுக்குள்ள உண்டாகிற நஞ்சு குளிராக்கினாலும் போகாது, சமைச்சாலும் போகாது. போன வருசம் எங்களுக்கு வகுப்பு எடுத்தவையெல்லோ."

"வகுப்பு!" என்று அவர் சிரித்தார். பற்றிஸ் துணுக்கொன்று பறந்து கீபோட்டில் விழுந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தணித்தார். "அப்ப நான் மேலிடத்துக்கு என்ன சொல்லுறது? பற்றரி ஏன் நிண்டது? மெஷின் ஏன் செத்தது? அது ஆரின்ர பொறுப்பு?"

புதுப் பற்றரி கேட்டு அவள் பலதரம் எழுதியிருந்தாள். ஒவ்வொரு தரமும் அவர்தான் தள்ளிப்போட்டார். அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் கீபோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இந்த ஊரில் அவள் படித்த படிப்புக்கு வேறொரு கதிரை இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

வாசிக்க மட்டும் மவுண்ட் பண்ணியிருந்த மூன்றாவது பிரிவைக் கழற்றினாள். இந்த முறை எழுதவும் முடிகிற விதத்தில் மவுண்ட் பண்ணினாள். அளவீட்டுக் கோப்பைத் திறந்தாள். இருபத்தாறை அழித்து ஒன்று என்று போட்டாள். அதற்கு மேலிருந்ததற்கும் ஒன்று. அதற்கு மேலிருந்ததற்கும்.

"எல்லாத்துக்கும் ஒண்டு போடாதேங்கோ," என்றார் யோகலிங்கம். எண்ணெய் ஒட்டிய விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாகத் தேய்த்துக்கொண்டே போனார். "இதில ஒண்டரை. இதில ரெண்டு. இஞ்ச திரும்ப இறக்குங்கோ. அப்பதான் உண்மை மாதிரி இருக்கும்."

விரல் போன வழியெல்லாம் திரையில் எண்ணெய்க் கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்கு அடியில் அவள் பொய்யை எழுதிக்கொண்டு போனாள். எச்சரிக்கைகளை அழித்தாள். இரண்டாவது பிரிவின் பழுதையும் சீர்செய்தாள். இனி மெஷின் எழும்பும். அதை எழுப்பமுன் மூன்றாவது பிரிவைப் பெரிய கணினியிலிருந்து கழற்றுவதுதான் மிச்சம். அந்த நேரம் அவர் திருப்தியோடு அவள் தோளில் தட்டினார். எண்ணெய்க் கை.

தயாளினி வாயைப் பொத்தினாள். கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள்.

குளிரறைக்குப் பின்பக்கம் வடிகானுக்குப் பக்கத்தில் அவள் குனிந்து வாந்தியெடுத்தபோது ஆதம்பாவா தண்ணீர்க் குழாயோடு நின்றார். கிண்ணியாவிலிருந்து வருபவர், குளிரறைக்குப் பொறுப்பான மனிதர். அண்ணன் முறையில் எல்லோரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுவிவிட்ட தண்ணீர் மண்ணிறமாக, நுரையோடு வடிகானில் போய்க்கொண்டிருந்தது. ஈக்கள் அதன்மேல் கம்பளம் விரித்திருந்தன.

"மகள், இந்தப் பக்கம் நிக்காதீங்க," என்றார். குழாயை அவள் பக்கம் நீட்டி வாய் கொப்பளிக்க விட்டார். "காலைல கதவத் துறந்த நேரம் நானும் இப்படித்தான். செவுளுக்குள்ள விரல வெச்சா, சதை களி மாதிரி வருது. இதப் போய்க் கழுவச் சொல்றார். செத்த மீனக் கழுவலாம், இது ரெண்டாந்தரம் செத்த மீன்."

"நீங்கள் அவருக்குச் சொல்லேல்லையோ நானா?"

"சொன்னன். நீ மீனுக்கு டொக்டரா எண்டு கேட்டார்."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே திரும்பினாள். கந்தோர்க் கதவடியிலேயே நின்றுவிட்டாள். திரையில் சிவப்பு வரிகள் மழைபோல் கொட்டிக்கொண்டிருந்தன. அவளுடைய கதிரையில் யோகலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன செய்தனீங்கள் சேர்?"

"என்ன செய்யிறது? வேலை முடிஞ்சுதெண்டு பச்சைப் பட்டனை அமத்தினன். எழும்பிச்சுது. பேந்து இப்பிடிக் கத்துது."

அந்தப் பிரிவு பெரிய கணினியில் இன்னும் எழுதுவதற்காகத் திறந்திருந்தது. அதே நேரத்தில் குளிரறை மெஷினும் எழும்பி, அது தன்னுடையது மட்டும்தான் என்று நினைத்து எழுதத் தொடங்கிவிட்டது. ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்றாக எழுதி, கொஞ்ச நேரத்துக்குள் இரண்டும் சேர்ந்து அந்தப் பிரிவைக் குதறிப்போட்டிருந்தன. அவள் மெஷினை நிறுத்தித் திறந்து பார்த்தாள். கோப்புப் பெயர்களுக்குப் பதிலாகக் குப்பை எழுத்துகள்தான் இருந்தன. உண்மை இலக்கங்களும் இல்லை, அவள் எழுதிய பொய் இலக்கங்களும் இல்லை.

"திருப்பி எடுக்கேலாதோ?"

"ஏலாது சேர்."

"பிரதி ஒண்டும் எடுத்து வைச்சிருக்கிறீங்களோ?"

கைப்பை மேசைக்கடியில் அவள் காலில் முட்டிக்கொண்டிருந்தது. "இல்லை," என்றாள்.

அவர் கத்தினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிரதி இருக்கென்று சொன்னால் இன்னொரு தரம் அந்தக் கதிரையில் இருத்தி, இன்னொரு தரம் விரலால் தேய்த்து, இன்னொரு தரம் எழுதவைப்பார். இனிச் சாட் இல்லை. கொழும்புக்காரர் ஏற்றமாட்டார்கள். மீன் குப்பைக்குத்தான் போகவேண்டும். அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு அழுக்கைக் கழுவியது மாதிரி ஒரு ஆறுதல்கூட வந்தது. வீட்டில் சவர்க்காரம் போட்டுத் தோளைத் தேய்த்துக் குளித்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலை முடியும் நேரம் யோகலிங்கம் எல்லோரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார். மேசையில் பிளாஸ்ரிக் சொப்பின் பேக்குகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் துண்டு போட்ட சூரை.

"காத்திலயும் மழையிலயும் கஷ்டப்பட்டு வேலை செய்யிறீங்கள். கம்பனி உங்களை மறக்கேல்லை," என்று சிரித்தார். "வீட்டில பிள்ளைகளுக்குச் சமைச்சுக் குடுங்கோ."

கழுவும் பகுதியில் வேலைசெய்த பெண்கள் முண்டியடித்து வந்து வாங்கினார்கள். சூரை விற்கிற விலைக்கு அவர்கள் தங்கள் கையால் கழுவுகிற மீனை வீட்டில் கண்டு எவ்வளவோ காலம். மிச்சத்தில் பாதி நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்விட்டதென்றும், இன்னும் கொஞ்சம் குளிரறையில் கிடக்கிறதென்றும் ஆதம்பாவா அவள் காதுக்குள் சொன்னார். தன் கையில் திணிக்கப்பட்ட பையை அவர் வடிகானுக்குள் அப்படியே கவிழ்த்தார். யோகலிங்கம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கவிழ்த்தார்.

பாலையூற்றிலிருந்து வரும் அன்னலட்சுமி இரண்டு பை வாங்கினாள். "பக்கத்து வீட்டில கிழவன் தனிய இருக்கிறார் சேர், அவருக்கும்," என்றாள். போகும் வழியில் தயாளினியைப் பார்த்து முகம் மலரச் சிரித்தாள். "இண்டைக்கு எங்கட வீட்டில சூரைக் குழம்பு தங்கச்சி."

தயாளினி வாயைத் திறந்தாள். யோகலிங்கம் நேரே அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பையை அவளிடம் நீட்டியபடி நின்றார். அவள் வாயை மூடினாள்.

கேற்றுக்கு வெளியே போய் வீதி வரை ஓடியபோது அன்னலட்சுமி ஏறிய பஸ் போய்விட்டது. அவளுடைய நம்பருக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, அன்னலட்சுமி எடுக்கவில்லை. வேலை செய்யும் பெண்கள் போனை வீட்டுக்குப் போகும்வரை சத்தமில்லாமல்தான் வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு எடுத்தாள். இரண்டு பேர் எடுத்தார்கள், மீனைக் கொட்டச் சொன்னாள். ஒருத்தி நம்பினாள். மற்றவள், "உங்களுக்குக் கிடைக்கேல்லை எண்டோ மிஸ்?" என்று சிரித்தாள். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்வரை அன்னலட்சுமிக்குத் திரும்பத் திரும்ப எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, இரவுச் சாப்பாட்டு நேரம் கடந்தபிறகு அன்னலட்சுமியே திருப்பி எடுத்தாள். போனில் பின்னால் ஆட்கள் அழும் சத்தம்.

"தங்கச்சி, எடுத்தனீங்களோ? எல்லாருக்கும் முகம் சிவந்து போச்சு. தலை இடிக்குது, வாயெல்லாம் எரியுது. இவருக்கு மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறம்."

அன்னலட்சுமியின் கணவனுக்கு ஏற்கெனவே மூச்சிழுக்கும் முட்டு வருத்தம். அவரை அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கிழவரும் அங்கேதான். மற்றக் குடும்பங்களும் சாப்பாட்டுக் கடையில் தின்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

புதன்கிழமை காலை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லாபிர் கம்பனிக்கு வந்தார். மெலிந்த, அவசரப்படாத மனிதர். யோகலிங்கம் அவரைக் கந்தோரில் இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்தார்.

"குளிரறை ஒரு நிமிசம்கூட நிக்கேல்லை சேர். ஜெனரேற்றர் ஓடினது. சாட்டைக் காட்டலாம், ஆனா இந்தப் பிள்ளையின்ர கவலையீனத்தால மெஷின் பழுதாப்போச்சு. எங்கட ஆக்கள் மீனைக் கொண்டுபோய் வெயிலில வைச்சிருப்பினம். இதுகளுக்குச் சுத்தம் எங்க தெரியுது."

தயாளினி அந்த வாயைப் பார்த்தாள். அசைந்துகொண்டேயிருந்தது. மீனை நாறவிட்ட வாய், பந்தியில் தின்ற வாய், இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்குச் சுத்தம் தெரியாதென்கிறது. அருவருப்போடு தன் கைப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். 

"பிரதி இருக்கு," என்றாள்.

யோகலிங்கத்தின் கை சோடாப் போத்தலோடு அந்தரத்தில் நின்றது.

அவள் வெளி டிஸ்க்கைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். எழுதமுடியாத விதத்தில் இணைத்தாள். லாபிர் கேட்கக் கேட்க ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே செய்தாள். இது முழு டிஸ்க், இவை அதன் பிரிவுகள், இந்த மூன்றாவதில்தான் அளவீடுகள், இப்போது வாசிக்க மட்டும்தான் முடியும், நானே நினைத்தாலும் இதில் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. இலக்கங்கள் வந்தன. ஒன்று, நான்கு, ஒன்பது, பதினைந்து, இருபத்தாறு. பிறகு எச்சரிக்கைகள். கண்டேன், கண்டேன், கண்டேன்.

லாபிர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இந்த நம்பர் ஆருட?"

"அவ எழுதினது!" யோகலிங்கம் எழும்பிவிட்டார். "சேர், இவவுக்கு இதுக்குள்ள என்ன வேணுமெண்டாலும் எழுதத் தெரியும். திங்கட்கிழமை இந்த மேசையில இருந்து இலக்கங்களை மாத்தினவ. கேட்டுப் பாருங்கோ. மாத்தேல்லை எண்டு சொல்லட்டும்!"

லாபிர் அவளைப் பார்த்தார். "மாத்தினீங்களா?"

அவள் நினைத்திருந்தால் இல்லை என்றிருக்கலாம். குதறிப்போன இமேஜில் அவள் எழுதியதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அதை அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஓம். மாத்தினனான். இவர் பக்கத்தில இருந்து சொல்லச் சொல்ல எழுதினனான். அது வேற. அந்த இமேஜ் அழிஞ்சுபோச்சு. இது அதுக்கு முதல் எடுத்த பிரதி. போன் கம்பனியிட்டயும் கேட்டுப் பாக்கலாம், மெசேஜ் போனதோ இல்லையோ எண்டு அவையளுக்குத் தெரியும்."

யோகலிங்கம் மேசையில் கிடந்த கடதாசியை எடுத்து, வியர்த்திருந்த கழுத்தைத் துடைத்து, கசக்கி, அவள் காலடியில் போட்டார்.

போன் கம்பனியிலும் கேட்டார்கள். நிலாவெளிக் கலியாண வீட்டுப் படங்களில் ஜெனரேற்றர் நிற்பதையும் கண்டார்கள். கம்பனிக்குச் சீல் வைக்கப்பட்டது. யோகலிங்கம் ஒரு கிழமை உள்ளே இருந்துவிட்டுப் பிணையில் வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் முன்வரிசையில் நின்றார். தயாளினிக்கு வேலை போனது. கழுவும் பகுதிப் பெண்களுக்கும் வேலை போனது. அவர்களில் சிலர் மனேஜரைத் திட்டினார்கள், சிலர் அவளைத் திட்டினார்கள்.

அன்னலட்சுமியின் கணவன் பிழைத்து வீட்டுக்கு வந்தார். கிழவர் வரவில்லை.

மிச்ச மீனை அழிக்கும்படி நீதவான் உத்தரவிட்டார். ஊருக்கு வெளியே குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பெக்கோ இயந்திரம் வைத்துக் குழி தோண்டினார்கள். சாட்சியாக நின்று ஒப்பம் வைக்கத் தயாளினியைக் கூப்பிட்டிருந்தார்கள். லொறியின் பின்கதவைத் திறந்தபோது லாபிர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகி, பெட்டிகளின் இடுக்கால் வழிந்துகொண்டிருந்தன. காகங்கள் மரத்திலிருந்து இறங்கவில்லை.

பெட்டி இறக்க நாட்கூலிக்கு ஆள் பிடித்திருந்தார்கள். அதில் அன்னலட்சுமியும் நின்றாள். தயாளினி அவளிடம் போனாள்.

"அக்கா."

அன்னலட்சுமி ரப்பர்க் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"நான் ரெண்டு பையோட போகேக்க பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம் அக்கா. நீங்கள் வெளிக்கிட்டாப் பேந்து போன் எடுத்தனான், நீங்கள் எடுக்கேல்லை."

"பேந்து." அன்னலட்சுமி அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்து, துப்புவது மாதிரிச் சொன்னாள். "கிழவனுக்கு நான்தான் ஊட்டிவிட்டனான். முள்ளெடுத்து ஊட்டிவிட்டனான். அந்த மனேஜரை நினைச்சா எனக்கு அருவருப்பா, அரியண்டமாக் கிடக்கு. உங்களைப் பாத்தா என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. என்ர கையை நினைச்சாலும் அப்பிடித்தான் கிடக்கு."

தயாளினி நீட்டியிருந்த கையை அவள் தொடவில்லை. தயாளினியும் அதைத் தானாகவே இறக்கிக்கொண்டாள்.

"வழக்கில நீங்கள் சாட்சி எண்டு சொல்லினம்."

"ஓம். இலக்கத்தை மாத்தினதைச் சொல்லத் தேவையில்லை, அது அழிஞ்சுபோச்சுத்தானே எண்டு வக்கீல் சொல்லுறார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சொல்லுவன் எண்டனான். பையோட நீங்கள் போகேக்க நான் வாய் திறக்காமல் நிண்டதையும் சொல்லுவன்."

அன்னலட்சுமி முதல்தரமாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். 

"சொல்லுங்கோ. நான் வந்து இருந்து கேப்பன்," என்றாள்.

பிறகு மற்றக் கையுறையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு லொறியடிக்குப் போய் முதல் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்துக்கு ஆள் இல்லை. தயாளினி போய் வெறுங்கையால் அதைத் தூக்கினாள். குளிர்ந்த கூழ் மணிக்கட்டால் வழிந்து முழங்கை வரை இறங்கியது. இரண்டு பேரும் அதைக் குழிக்குக் கொண்டுபோனார்கள்.